மூன்றாவது பந்து

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஜூஜுவாடியில் வாடகைக் கொட்டகையில், இரும்பு கடையும் ஒரே ஒரு லேத்தோடு ஆரம்பித்தேன். இன்று பதினோரு மெஷின் ஓடுகிறது. டிகிரி வாங்கியவன் எல்லாம் என்னிடம்தான் லீவு கேட்கிறான். சிகரெட்டைப் பற்றி எனக்கு எவன் வந்து பாடம் எடுப்பது?

இருபது வருடம் சிகரெட் ஊதினேன். மாடிப்படி ஏறினால் மார்பு இறுகத் தொடங்கியதும் பீடிக்கு மாறிவிட்டேன். சிகரெட்டில் காகிதம், பீடியில் இலை. இலை என்றால் மூலிகை மாதிரிதானே? வெள்ளைச் சட்டை மேனேஜர்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்று புகைவிடுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். காசு கொடுத்து நெஞ்சுக்குள் தார் ரோடு போடுகிறவர்கள்.

அவர்களைவிட மோசம் என் மாப்பிள்ளை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பேனா மாதிரி ஒரு குழாயை உறிஞ்சுவார். மாம்பழ வாசனை வரும்.

"இது புகையே இல்ல மாமா, ஆவி. நெருப்பே கெடையாது."

"சளிக்கு ஆவி புடிச்சா சரி. கவர்மென்ட்டே தட போட்டத ஒளிச்சு வெச்சுகினு உறிஞ்சுறீங்க, இதுல பெரும வேற!"

போன மாதம் எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் குறித்திருந்தார்கள். பெரிய இரும்புத் துண்டைத் தனியாளாகத் தூக்கியதால் வந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா மூன்று முறை ஒரு குழாயில் ஊதவைத்தார்.

"இந்த நுரையீரலுக்கு இப்ப மயக்கம் குடுக்க முடியாதுங்க. என்ன புடிக்கிறீங்க?"

"சிகரெட் விட்டு வருசமாச்சும்மா. இப்ப வெறும் பீடிதான்."

"பீடி அணைஞ்சு அணைஞ்சு போவுமே, என்ன பண்ணுவீங்க?"

"அணையாம இழுத்துகினே இருக்கணும்."

"அப்ப சிகரெட்டவிட அடிக்கடி, ஆழமா இழுக்குறீங்க. இலையானாலும் எரிஞ்சா புகைதான்."

லேத்தில் ஒரு நூல் அளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன், தினமும் என் வாய் செய்த வேலையைக் கவனிக்கவில்லை.

துணைக்கு வந்து பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை இளித்தார். "அப்ப என்னோடது பரவால்லீங்களா டாக்டர்?"

"எரியாததால சில வெஷம் கம்மி. கம்மின்னா நல்லதுன்னு அர்த்தமில்ல. நாள்பட்டு நுரையீரல என்ன பண்ணும்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ரெண்டு பேரும் விடுங்க."

ஆபரேஷன் ஆறு வாரம் தள்ளிப்போனது. அதுவரை பீடி கூடாது. மூன்று பிளாஸ்டிக் பந்து வைத்த பெட்டி ஒன்றைக் கொடுத்து, குழாய் வழியே மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். மூன்று பந்தும் எழுந்து நிற்கப் பழகிவிட்டு வந்தால், மறுபடி ஊதிப் பார்த்துவிட்டு முடிவு செய்வாராம்.

வீட்டில் இழுத்தேன். இரண்டு பந்து எழுந்தன. மூன்றாவது அசையவில்லை.

"குடுங்க மாமா, இதெல்லாம் ஒரு விஷயமா?" குழாயைத் துடைத்து மாப்பிள்ளை இழுத்தார். மூன்றும் ஏறின, மறுநொடி இருமல் வந்து மூன்றும் விழுந்தன. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ஏன் மாப்ளே, மாம்பழம் தொண்டையில சிக்கிகிச்சா?"

பெட்டியைப் பிடுங்கி, குடலிறக்கத்துக்குக் கட்டியிருந்த வயிற்றுப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மறுபடி குழாயைக் கவ்வினேன்.

இரண்டு பந்து.