மேஸ்திரி பிடித்த திருடன்

பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காத மனுஷன் பெயிண்டர் மேஸ்திரி. இன்று ஊரில் பாதி வீடுகள் அவர் பூசிய நிறத்தில்தான் நிற்கின்றன. யார் தோளிலும் ஏறாமல், ஏணியில் மட்டும் ஏறி மேலே வந்தவர். அப்படி வந்தவன் எவனையும் சட்டென்று நம்பமாட்டான். நம்பியிருந்தால் வந்திருக்கவே மாட்டான்.

மழைக்காலத்தில் அவரும் மச்சினனும் மாடிவீட்டு டீச்சருக்கு நீலம் அடித்துக் கொடுத்தார்கள். மயில் கழுத்து தோற்றது. பனிக்காலத்தில் அந்த வழியாகப் போனபோது சுவர் சாம்பல் பூத்திருந்தது. கோடையில் டீச்சரே போன் போட்டார்.

"மேஸ்திரி, சுவரு பழைய சட்டை மாதிரி வெளுத்துக் கிடக்கு. என்னத்தக் கலந்தீங்க?"

பெயிண்ட் கலக்குவது மச்சினன். மேஸ்திரிக்குச் சுருக்கென்றது.

"உன் தம்பி பெயிண்டுல தண்ணி ஊத்துறான்" என்றார் மனைவியிடம்.

"அவன் வாயில்லாப் பூச்சிங்க!"

"வாயில்லாமத்தான் மரத்த அரிக்குதா?"

மறுநாள் மத்தியானம் மச்சினனை அந்தச் சுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வானம் பித்தளைத் தட்டுபோல் தகித்தது. சுவர் வெள்ளை வெளேரென்று பல்லிளித்தது.

"இதுக்கு என்னடா சொல்ற?"

"நீங்க வாங்கிக் குடுத்ததத்தான் கலந்தேன் மாமா. நம்பிக்கை இல்லேன்னா ஆளை விடுங்க." தான் ஓட்டும் வேனின் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு நடந்தான் மச்சினன்.

போகட்டும் என்றுதான் நின்றார். அப்போது ஒரு மேகம் வெயிலை மூடியது. சுவரில் மயில் கழுத்து வந்து உட்கார்ந்தது. மேகம் விலகியது, மறுபடி வெளுப்பு. இன்னொரு மேகம், மறுபடி மயில்.

"அட, இதென்ன மாயம்!" என்றார் ஜன்னலில் நின்ற டீச்சர்.

மேஸ்திரி மெல்ல அண்ணாந்தார். ஆயுசு முழுக்க மழை வருமா என்று மட்டுமே பார்த்த வானம். மழையில் இருண்டு, பனியில் பால் கலந்து, கோடையில் காய்ந்து, வருஷம் பூரா தன் சுவரில் கை வைத்த திருட்டுப் பயல்! அழகாகத்தான் இருந்தான், அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது.

"டேய், நில்லுடா!" தெருமுனை வரை ஓடினார். "இந்தா சாவி. களவாணி மேல இருக்கான்." வானத்தைக் காட்டினார்.

மச்சினன் கை நீட்டவில்லை. "வானம் காட்டுனா நம்புறீங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்களா மாமா?"

"அவனை யாருடா நம்புனது? ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடியே இருங்க. வண்டிய எடு."

சிரிப்பை அடக்க முடியாமல் சாவியை வாங்கிக்கொண்டான். பக்கத்தில் ஏறி உட்கார்ந்த மேஸ்திரி, ஒரு கண்ணால் மச்சினனையும் மறு கண்ணால் வானத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார்.