முந்நூற்று முப்பது

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் குழல் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் அப்பா வேலை பார்த்தார். எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறையில் ஒருநாள், அம்மா டொக்டரிடம் போக அன்றைக்கு டெர்மீன் குறித்திருந்ததால், என்னையும் அங்கே கூட்டிப்போனார்.

அன்று ஒரு பல்வைத்தியர் கோபத்தோடு வந்தார். காட்டுப்பன்றி வேட்டைக்கென்று அவர் வாங்கிய பெரிய துப்பாக்கிக்குக் குழல் செய்தவர் அப்பாதான். குறி தப்பிக் காயப்பட்ட பன்றி அவருடைய நாயைக் கிழித்துவிட்டதாம். சுட்டுப் பார்த்த அட்டையை மேசையில் போட்டார். துளைகள் வட்டமாக இல்லை. குண்டுகள் படுத்தபடி புகுந்ததுபோல நீண்டிருந்தன. முதலாளி அப்பாவைப் பார்த்த பார்வை எனக்கே பயமாக இருந்தது.

அப்பா ஒரு துளையை விரலால் தடவினார். "குண்டு போதாமச் சுத்தியிருக்கு," என்றார் என்னிடம்.

குழலுக்குள் திருகாணி மரைபோல வரிகள் உண்டு. அவைதான் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. துணி சுற்றிய கம்பியை என்னிடம் தந்து தள்ளச் சொன்னார். அது என் கைக்குள் தானாகவே திரும்பியது. ஒரு முழுச் சுற்றுக்கு நானூற்றிருபது மில்லிமீட்டர். பல்வைத்தியர் கேட்ட அதே அளவு. ஆனால் அவர் பிறகு ஈயக் குண்டை விட்டு, நீளமான செப்புக் குண்டுக்கு மாறியிருந்தார்.

"நீட்டுக் குண்டு கெதியாச் சுத்தோணும். இல்லாட்டிச் சரிஞ்சுபோம்."

"அப்ப நல்லா முறுக்கி விடுங்கோவன்!"

"அளவுக்கு மிஞ்சினாலும் வில்லங்கம். குண்டிலை இருக்கிற சின்னப் பிழையையும் பெரிசாக்கிப்போடும்."

புதுக் குழலில் ஒரு சுற்று முந்நூற்றறுபதில் முடிந்தால் போதும் என்றார் முதலாளி. குளிர்காலத்துக் காற்று கனமானது, முந்நூற்று முப்பதுதான் வேண்டும் என்று அப்பா தன் உடைந்த ஜெர்மனில் விடாமல் நின்றார். முதலாளியோடு அவர் வாதாடி அன்றுதான் பார்த்தேன். சில வாரங்களில் பல்வைத்தியர் புதிய அட்டையோடு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். துளைகள் எல்லாம் வட்டமாம். நாயும் பிழைத்துவிட்டதாம்.

பல்வைத்தியர் கோபத்தோடு வந்த அன்று மாலை, பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்: "அளக்க முன்னமே உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இப்பிடி ஓட்டை முந்தியும் பாத்திருக்கிறன். ஊரிலை, விட்டிட்டு ஓடி வந்த எங்கடை வீட்டுக் கதவிலை. குண்டு வேலியிலை பட்டுச் சரிஞ்சு வந்தது."

"அங்கையும் வேட்டைக்காரர் இருந்தவையோ?"

அப்பா இறங்குவதற்கு மணியை அழுத்தினார். "ஓம்," என்றார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் எழுந்து நின்று, எங்கள் ஊரில் வீட்டு வாசலிலேயே வேட்டை நடக்கும் என்று பெருமையாகச் சொன்னேன்.