அலை தூக்கும்போது

டீசல் புகையும் உப்புக்காற்றும் ஈரச் சாக்கும் கலந்த வாடை எங்கிருந்தாவது வந்தால் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கும் என் கால் நின்றுவிடும். அது மூதூரிலிருந்து திருகோணமலைக்கு ஆட்களை ஏற்றிவரும் மோட்டார்ப் படகான "லாஞ்சி"யின் வாடை. நகரத்தில் விடுதியில் தங்கிப் படித்த நாட்களில் திங்கட்கிழமை தோறும் அம்மா என்னை அதில்தான் கூட்டிவருவார்.

கடல் எனக்குப் பயமில்லை, இறங்குவதுதான் பயம். வாடைக்காற்று மாதங்களில் லாஞ்சி இறங்குதுறையான "ஜெட்டி"யோடு ஒட்டி நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அலை அதைத் தூக்கி, விளிம்பும் ஜெட்டிப் பலகையும் ஒரே மட்டத்துக்கு வருகிற கணத்தில் காலை வைத்துவிட வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள்கூடக் கதைத்தபடியே இறங்கிவிடுவார்கள். நானோ, இந்த அலை சரியானதா, இதைவிட நல்லது பின்னால் வருமோ என்று யோசிப்பதற்குள் லாஞ்சி கீழே போய்விடும்.

"கவனம் பிள்ளை, விழுந்திடுவாய்" என்று அம்மா பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்துக்கொள்வார்.

லாஞ்சியில் கயிறு பிடிப்பவரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, எல்லோரும் "காக்கா" என்றுதான் அழைப்பார்கள். "என்ன புள்ள, புடவைக்கடையில சீலை பாக்கிற மாதிரி அலை பாக்குறீங்க?" என்று சிரித்துவிட்டு, அவரே என்னைத் தூக்கி ஜெட்டியில் வைப்பார். எனக்கு அப்போது பதினொரு வயது. மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு திங்கள், அம்மா காய்ச்சலாய்ப் படுத்துவிட்டதால் தனியே வந்தேன். காக்கா யாருடையவோ கோழிக்கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். லாஞ்சி எழும்பியது. பின்னால் ஒரு குரலும் இல்லை. எப்படி வைத்தேனென்று தெரியாது, என் கால் பலகையில் இருந்தது.

"அட, புள்ளைக்குக் கால் இருக்கே" என்றார் காக்கா.

அந்த வாரம் முழுவதும் விடுதிப் படிகளை இரண்டிரண்டாய்த் தாவி ஏறினேன். வகுப்பில் ஆசிரியர் என்னைக் கேட்காமலே கையை உயர்த்தினேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்க் குசினி வாசலில் நின்று, சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது.

"தனியவோ இறங்கினனி? விழுந்திருந்தா நான் என்ன செய்வன்?" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் கைகளில் காய்ச்சல் சூடு இன்னும் இருந்தது.

அடுத்த திங்கள் அம்மா பின்னால் நின்றார். நான் அலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு படிப்பிலும் வேலையிலும் கல்யாணத்திலும் அப்படியேதான் நின்றேன். யாராவது தூக்கி வைத்த இடத்தில் இருந்துகொண்டேன். தானாகக் கால் வைத்த அந்தப் பிள்ளையை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

போன மாதம் அம்மா வீட்டிலிருந்து என் ஏழு வயது மகளோடு லாஞ்சியில் வந்தேன். பலகை ஜெட்டி போய்ச் சீமெந்து வந்திருக்கிறது. காக்காவும் இல்லை, கயிறு பிடித்த இளைஞன் யாரையும் தூக்கிவிடுபவனாகத் தெரியவில்லை. லாஞ்சி எழும்ப, மகள் தானாகவே காலைத் தூக்கினாள்.

"கவனம் பிள்ளை, விழுந்திடுவாய்."

என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள்.

அடுத்த அலைக்கு வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் சட்டையையும் பிடிக்கவில்லை. லாஞ்சி நன்றாக எழும்பி, சீமெந்து விளிம்போடு ஒத்து நின்று, மெல்ல இறங்கியது. அவள் அலையைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.