பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு தம்பி

விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கேப்டன் தண்ணீரை நிறுத்திவிடுவார். காப்பியை மோந்து பார்ப்பதோடு சரி. பறக்கும்போது கழிப்பறைக்கு எழுந்தால் விமானி அறையின் கதவைத் திறக்க வேண்டும். அது இந்தக் காலத்தில் லேசுப்பட்ட காரியமா? ஒரு பணிப்பெண் சாப்பாட்டு வண்டியைக் குறுக்கே தள்ளிக் காவல் நிற்க வேண்டும். இன்னொருத்தி உள்ளே போய்த் துணை விமானியோடு இருக்க வேண்டும். "ஒரு வாய் காப்பிக்கு இத்தனை பேரை அலைய விடணுமா?" என்பார். "கிட்னி கெட்டா எந்தத் தீவிரவாதி வந்து வைத்தியம் பார்ப்பான்?" என்று மனைவி கேட்பாள். அதற்கும் சிரிப்புதான்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தக் கதவு பேருக்குத்தான் கதவு. பயணிகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று மேகம் பார்ப்பார்கள். பிறகு சில படுபாவிகள் விமானங்களைக் கடத்திக்கொண்டுபோய்க் கட்டடங்களில் மோதினார்கள். அன்று கேப்டன் சாப்பிடவில்லை. கதவு கெட்டியானது, துப்பாக்கிக் குண்டுக்கும் அசையாது. சோதனைச் சாவடியில் அவரும் பெல்ட்டைக் கழற்றுகிறார். ஒருநாள் நகவெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். "முன்னூறு உசிரை என் கையில குடுத்துட்டு, நகவெட்டியத் தர மாட்டேங்குறாங்க!" என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கசப்பு கிடையாது. "கதவைத்தானே அடைச்சாங்க, வானத்தையா அடைச்சாங்க?" என்று கேட்கிற மனிதர்.

அடைபட்டுப்போனது அவருடைய அக்காதான். அன்று தொலைக்காட்சியில் அந்தக் கண்றாவியைப் பார்த்தவள், அதற்குப் பிறகு விமானம் ஏறவே இல்லை. இரண்டு நாள் ஆனாலும் ரயில்தான். இப்போது மகளுக்குக் கடல் கடந்த ஊரில் குழந்தை பிறந்திருக்கிறது. ரயில் போகாது. "நீ ஓட்டினா ஏறுறேன், வேற எவன் ஓட்டினாலும் மாட்டேன்" என்றாள். ஏற்பாடு செய்து முதல் வரிசையில் உட்கார வைத்தார்.

ஒரு மணி நேரம் பறந்திருப்பார்கள். பணிப்பெண் உள்தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கேப்டன், உங்க அக்கா சீட்டோட கைப்பிடிய விடவே மாட்டேங்குறாங்க. உள்ள இருக்கறது தம்பிதானா, வேற எவனாச்சும் புகுந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. இனிமே ஜென்மத்துக்கும் ஏற மாட்டாங்களாம்."

"முகத்தைக் காட்டறதுக்கெல்லாம் திறக்க முடியாதும்மா. அக்காவா இருந்தாலும் கதவு கதவுதான்."

சொல்லிவிட்டாரே தவிர மனம் கேட்கவில்லை. இன்றைக்கு அக்கா பயந்தபடியே இறங்கினால் அவ்வளவுதான். இந்த ஒரு தடவைக்குப் பிறகு பேத்தியைப் படத்தில்தான் பார்ப்பாள். சற்று யோசித்தார். பக்கத்தில் இருந்த பெரிய தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தார். துணை விமானியின் பாட்டிலையும் கேட்டு வாங்கிக் காலி செய்தார்.

"என்ன சார் இது, ஒரே மூச்சுல?"

"பொய் சொல்லித் திறக்க மாட்டேன்யா. நிஜமாவே வரட்டும்."

யார் என்ன சொன்னாலும் அது நேர்மைதான். அரை மணி நேரத்தில் நிஜமாகவே வந்தது. வண்டி குறுக்கே வந்தது, பணிப்பெண் உள்ளே போனாள், கேப்டன் வெளியே வந்தார். வண்டிக்கு மேலாக அக்காவைப் பார்த்தார்.

அக்கா பதறிப்போனாள். "டேய், நீ இங்க நின்னா அங்க யாருடா ஓட்டுறா?"

"இன்னொருத்தர் இருக்கார்க்கா. என்னைவிடக் கெட்டிக்காரர்."

"அவர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தா எனக்கென்ன?"

கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தவர் கதவருகே ஒரு நொடி தயங்கினார். அக்கா அவரை உச்சி முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தாள். அவனேதான். ஏறியதிலிருந்து கைப்பிடியைக் கவ்விக்கொண்டிருந்த வலக்கையை எடுத்து, முற்றத்துக் கோழியை விரட்டுவதுபோல, அவரை உள்ளே விரட்டினாள்.