தட்டாமல் ஏறியவர்கள்

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பேருந்து வர ஏழு ஆண்டுகள் ஆயின. மாசாய் நகருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய வீடுகள். பிறகு கடைவரிசை வந்தது, பக்கத்திலேயே இன்னும் மூன்று தாமான்கள் வந்தன. பேருந்து மட்டும் பெரிய சாலையோடு போய்க்கொண்டிருந்தது. கடைசியில், ஆறு மாதச் சோதனை ஓட்டம் என்று அறிவித்தார்கள்.

அது யாரையும்விட, அறுபதைத் தாண்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் தேவைப்பட்டது. வாரம் மூன்று நாள் மாசாயில் அவருக்கு டயாலிசிஸ். மகன் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

முதியவர்களுக்குப் பயணம் இலவசம். ஆனால் ஏறும்போது கார்டை இயந்திரத்தில் தட்ட வேண்டும். அக்காவின் கார்டு பிளாஸ்டிக் உறைக்குள், உறை பர்சுக்குள், பர்சு கைப்பைக்குள், கைப்பை மார்க்கெட் பைக்குள். படியில் நின்று ஒவ்வொன்றாகத் திறப்பார். பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்.

"ஏறுங்கக்கா. உங்களுக்குத்தான் ஃப்ரீயாச்சே, எதுக்குத் தட்டிக்கிட்டு?" என்பார் ஓட்டுநர்.

"செக்கர் வந்து பிடிச்சா?"

"நான் ஜாமீன் எடுக்கிறேன் லா. உக்காருங்க."

நானும் அந்தப் பேருந்தில்தான் போவேன். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். நாளடைவில் முதியவர்கள் யாருமே தட்டுவதில்லை என்றாகிவிட்டது.

ஆறாவது மாதம், சேவையைத் தொடர்வதா என்று பேச எங்கள் தாமான் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வந்த பேருந்து நிறுவன அதிகாரி இதமாகவே பேசினார். "பகல்ல ஆளே ஏறலைங்க. சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது."

அக்கா எழுந்தார். "அப்ப ஆறு மாசமா உக்காந்து போனது யாரு, பேயா?"

எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரி உட்பட. பிறகு அவர், கார்டு தட்டியவர்களை மட்டுமே கணினி எண்ணும் என்று விளக்கினார். சிரிப்பு நின்றது. ஓட்டுநர் தட்ட வேண்டாம் என்றதைச் சொன்னால் அவர் வேலை போய்விடும். அக்கா உட்கார்ந்துவிட்டார். நானும் வாய் திறக்கவில்லை.

மாதக் கடைசியில் சேவை நின்றது. மனு எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆய்வில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

அக்கா சிகிச்சையைக் காலை முதல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார். மகன் போகிற வழியில் ஐந்து மணிக்கு இறக்கிவிடுகிறார். டயாலிசிஸ் நிலையம் ஆறரைக்குத்தான் திறக்கிறது. அதுவரை பூட்டிய கதவுக்கு முன்னால் சிமெண்ட் படியில் உட்கார்ந்திருக்கிறார்.

மடக்கு நாற்காலி ஒன்று வாங்கித் தரட்டுமா என்று போன வாரம் கேட்டேன்.

"வேணாம் தம்பி. திரும்பறப்ப ஊசி போட்ட கையோட அதை யாரு தூக்கிட்டு வர்றது?" என்றார்.