கண்ணுக்குப் பின்னால் ஓர் இரும்புத் துண்டு

சிதம்பரம் கீழவீதியில் என் மச்சானின் இடக்காற் செருப்பு கழன்று விழுந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. பத்தடி நடந்த பிறகு நான்தான் கண்டேன். நோய் தன்னை எங்களுக்கு அறிவித்த விதம் அது.

மச்சான் என் மனைவியின் தம்பி. இளமையில் ராணுவத்தில், போர்முனைக் கண்ணிவெடிகளைக் கையால் தோண்டி அகற்றும் பிரிவில் இருந்தவர். வலக்காதின் கேட்கும் திறன் அங்கேயே போயிற்று.

கடலூர் மருத்துவர், கழுத்தில் தண்டுவடம் (மூளையின் கட்டளைகளை உடலுக்குக் கொண்டுசெல்லும் நரம்புக்கற்றை) நசுங்குவதாக ஐயுற்றார். எம்.ஆர்.ஐ. (வலிய காந்தத்தால் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் முறை) எழுதித் தந்தார். தாமதித்தால் கால்கள் இரண்டும் செயலிழக்கும் என்றார்.

ஸ்கேன் மையத்தில் ஒரு படிவம். உடலுக்குள் உலோகம் ஏதேனும் உண்டா என்று பணிப்பெண் அவருடைய வலப்பக்கம் நின்று கேட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று நானே சொல்லிக் கையெழுத்தும் இட்டேன். அவர் சார்பில் பேசுவது எனக்குப் பழக்கம்.

உள்ளே அழைத்துச் செல்லும்போது அவருடைய புருவத்துத் தழும்பை அவள் கண்டாள். மறுபக்கம் வந்து, குனிந்து, மீண்டும் கேட்டாள்.

"கண்ணுக்குப் பின்னால ஒரு துண்டு கெடக்குதும்மா. எடுத்தா பார்வை பூடும்னு அப்பவே உட்டுட்டாங்க."

அவள் படிவத்தைக் கிழித்தாள். காந்தம் அத்துண்டை அசைத்திருந்தால் அந்தக் கண் போயிருக்கும் என்றாள்.

"எங்கிட்ட ஏன் மச்சான் சொல்லல?"

"சொன்னேன் மாமா. எங்க பொண்ணு கல்யாணத்துல. நீங்க சிரிச்சீங்க."

நினைவு வந்தது. பந்தியில், தலைக்குள் இரும்பு இருக்கிறது என்றார். மிலிட்டரி சரக்கு உள்ளே போனால் எல்லார் தலையிலும் இரும்புதான் என்றேன். பந்தியே சிரித்தது. திருவதிகைச் சந்நிதியில் நாள்தோறும் பதிகம் பாடும் என் வாய் அது. எங்கள் வழிபாட்டு மன்ற விழாவில் ஆண்டுதோறும் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, வீரத்தைப் பற்றி அரைமணி நேரம் முழங்கியதும் அதே வாய். முழங்கியபோதெல்லாம் அவருடைய கேளாத காதின் பக்கமே நின்றிருந்தேன். புகைப்படத்துக்கு அதுதான் வசதி. பாடலைப் பாடித் துடைத்துவிடக்கூடிய அழுக்காக இது தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் நோயுற்றிருந்தால், படிவத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். அவரைக் கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள்.

எம்.ஆர்.ஐ.க்குப் பதிலாக, முதுகில் மருந்து செலுத்தி சி.டி. (ஊடுகதிரால் எடுக்கும் குறுக்குவெட்டுப் படம்) எடுத்தார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது தடியூன்றி நடக்கிறார். தடியால் நிலத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே ஒவ்வோர் அடியையும் ஊன்றுகிறார். பிரகாரத்தை விரைந்து வலம்வந்து பழகிய என் கால்கள் அந்த நடைக்கு இணங்கப் பல நாள் ஆயிற்று.

நேற்று மருத்துவமனை நடைக்கூடத்தில், அந்தத் துண்டு எப்படி உள்ளே போனது என்று அவருடைய இடப்பக்கம் வந்து கேட்டேன்.

"கண்ணி தோண்டுறப்ப பக்கத்துல ஒருத்தன் இருந்தான் மாமா."

நின்றுவிட்டார். நானும் நின்றேன். எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்து அவரை அவசரப்படுத்த எனக்குத் துணிவில்லை. அவர் மறுபடி கால் எடுத்து வைக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.