சீனி போட்ட வைன்

பிள்ளைகளே, உங்கள் மாமாவைப் பற்றி நான் மரியாதையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, அந்தக் குடிபூரலில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அப்போது சின்னப் பிள்ளைகள், விளங்கியிருக்காது.

தொண்ணூறுகளின் கடைசி. ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் இத்தாலியன் சாப்பாட்டுக் கடையில் நான் ஆறு வருடம் கோப்பை கழுவியவன். அந்த வருடம்தான் என்னை அடுப்புக்கு மாற்றினார்கள். அன்றைக்குப் பெரிய சமையல்காரர் ஒரு போத்தல் தந்தார். பிரான்சியாகோர்த்தா என்று பெயர். ஷாம்பெயின் செய்கிற அதே முறைதான்: வைனைப் போத்தலில் அடைத்து, அதற்குள்ளேயே இரண்டாம் தரம் நொதிக்க விட்டு, நெடுநாள் கிடத்தி வைப்பார்கள். இனிப்பு இருக்காது. உப்பாகப் பொரித்த சாமானோடு குடி, இனிப்போடு தொடாதே என்றார்.

நான் அதைத் திறக்காமல் வைத்திருந்து குடிபூரலுக்குக் கொண்டுபோனேன். சொந்தக்காரர் முன்னால், முக்கியமாக உங்கள் இரண்டு பேருக்கும் முன்னால், நான் இப்போது சமையல்காரன் என்று ஒரு தரம் சொல்லப்பட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் புது வீடு. கண்ணாடி அலுமாரி நிறைய விஸ்கிப் பெட்டிகள், எல்லாம் வெறும் பெட்டி. குடிவகையில் மாமாவின் அறிவும் அப்படித்தான். வடை வந்தபோது போத்தலைத் திறக்கச் சொன்னேன். பேந்து பார்ப்பம் என்றார். வடை முடிந்து, கேக் வெட்டி, வாய் நிறைய ஐசிங்கோடுதான் திறந்தார். கேக் தின்ற வாயில் அந்த வைன் புளிக்கத்தான் செய்யும். அது வைனின் பிழை இல்லை.

"பழுதாப் போச்சு மச்சான். கடைக்காரன் எறியிறதை உம்மட்டைத் தள்ளிவிட்டிருக்கிறான்."

நான் விளக்கத் தொடங்குமுன் ஒரு கரண்டி சீனியைக் கிளாசுக்குள் கொட்டினார். பொறியியல் படித்த மனிதர்! நுரை பொங்கி, அவர் சட்டையெல்லாம் நனைந்து, புதுக் கார்ப்பெட்டில் வழிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு துவாயை எடுத்து என் மடியில் போட்டார்.

"நீர்தானே உந்த வேலை பழகின ஆள். துடைச்சு விடும்."

நான் இப்போது அடுப்பில் நிற்கிறேன் என்று சொன்னேன்.

"ஓமோம், அடுப்பையும் துடைக்கத்தானே வேணும்."

சண்டை வேண்டாம் என்று உங்கள் அம்மா கண்ணால் சொன்னா. நான் முழங்காலில் நின்று துடைத்தேன். நீங்கள் கேக் தட்டோடு நின்று பார்த்தீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராத மனிதனை நான் எப்படி மதிப்பது? துடைத்ததற்காக என்னையும் நான் பெரிதாக மதிக்கவில்லை.

மிச்ச வைனைத் தொட்டிக்குள் ஊற்றப் போனார். போத்தலைக் கையிலிருந்து வாங்கி, வாயை இறுக்கிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த நாள் திங்கள், எங்கள் கடை பூட்டு. நீங்கள் பள்ளிக்கூடம், அம்மா வேலை. சந்தையில் சின்ன மீன் வாங்கி வந்து, உப்பும் மாவும் பிரட்டி, கடையில் செய்கிற மாதிரியே மொறுமொறுவென்று பொரித்தேன். வைனில் நுரை பாதி இறங்கியிருந்தது, ருசி இறங்கவில்லை. மீனைத் தட்டில் ஒழுங்காக அடுக்கி, ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை வைத்து, மேசைக்குக் கொண்டுபோய் எனக்கு நானே பரிமாறினேன்.